அரையும் காலும்

அன்னாள் டீச்சர் கணக்கு நடத்தினால் அது வகுப்பறையோடு நிற்காது. கீழே தேயிலைக்குள் கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக் கேட்கும். மூணாறிலிருந்து வட்டவடைக்குப் போகிற வழியில் ஜீப்பை ஓரங்கட்டி டீ குடிக்கிற டிரைவர்களுக்கும் கேட்கும். டீச்சர் பாதி சொல்வாள், பிள்ளைகள் மீதி சொல்வார்கள். "அரையும் காலும் சேர்ந்தா முக்..." என்று அவள் இழுத்து நிறுத்த வேண்டியதுதான், "கால்ல்ல்!" என்று மூணாம் வகுப்பு மொத்தமும் தகரக்கூரை அதிரக் கத்தும். ஒரு பிள்ளை பாக்கி இருக்காது. அதைக் கேட்கிறபோதெல்லாம் அன்னாளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பிறகு நிறையாமல் என்ன செய்யும்? கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வருகிற வகுப்பு எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

அந்த வகுப்பில்தான் அவள் மகள் பின்சியும் உட்கார்ந்திருந்தாள். அது சும்மா நடந்த காரியமில்லை. தொழிலாளர் குடியிருக்கிற எஸ்டேட் லயங்களுக்குள் இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன் ஏறி வர ஆரம்பித்ததிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. அன்னாள் லயம் லயமாக ஏறி இறங்கிப் பிள்ளை கேட்டபோது, உங்கள் பிள்ளையை எங்கே போடுவீர்கள் என்று ஒரு பெண் நறுக்கென்று கேட்டுவிட்டாள். அந்த வருசமே பின்சியைத் தன் பள்ளியில் சேர்த்தாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்குக் கீழே ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் டீச்சர். பின்சி அதை ஒருநாளும் மீறியதில்லை. காலையில் பாலத்தைத் தாண்டினதும் கையை விட்டுவிடுவாள். சாயங்காலம் தாண்டினதும் பிடித்துக்கொள்வாள்.

அன்னாளின் புருசன் ஜோமோனுக்கு இதில் முழுச் சம்மதமில்லை. டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன், நாலு ஊர்ப் பேச்சு கேட்கிறவன். மூணாறு டவுனில் அவன் அக்கா இருந்தாள். அக்கா வீட்டுக்கு அடுத்தாற்போல இங்கிலீஷ் மீடியம் பள்ளி. கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் இடம் தருகிறோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். பிள்ளை அத்தை வீட்டில் தங்கிப் படிக்கட்டும், சனிக்கிழமை நான் ஜீப்பில் கூட்டி வருகிறேன் என்றான். அன்னாளால் அதைக் காதால் கேட்கவே முடியவில்லை. பின்சி இல்லாமல் அந்தப் பாலத்தை எப்படித் தாண்டுவது? அதை வாய்விட்டுச் சொன்னால் அசட்டுத்தனமாகப் படும் என்று, "கணக்குல கெட்டிக்காரியா இருக்கா. இங்க என்ன குறைஞ்சு போச்சு?" என்று கேட்டாள். ஜோமோன் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் பிடித்துக்கொண்டு நின்ற கிளை அந்தக் கணக்கு ஒன்றுதான்.

அந்த ஜூனில்தான் உபஜில்லா கல்வி ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்திலும் இடுக்கி மலையிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளோடு சேர்ந்து கணக்குப் பாடத்தைச் சரிப்படுத்த யாரோ யூனிவர்சிட்டிக்காரர்கள் வருகிறார்களாம். டீச்சர்மாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முன்னேயும் இப்படித்தான் சிலர் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தார்கள், கஞ்சி குடித்தார்கள், போனார்கள். பிறகு எஸ்டேட் பிள்ளைகளுக்கு எண்ணே தெரியவில்லை என்று வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. பக்கத்து எஸ்டேட் டிவிசன் பள்ளியின் சூசையப்பன் சார் அந்தப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறார், ஆடுகிற மேசையின் காலுக்கடியில்.

இந்தத் தடவை வந்தவர் பெயர் மோகனசுந்தரம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். வெயிலில் வளர்ந்த உடம்பு, மலைக் குளிர் தாங்கவில்லை. நடுப்பகலிலும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். பொடிப் பிள்ளைகளைக்கூட "சொல்லுங்க கண்ணு, வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிட்டார். தங்களை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டிராத மூணாம் வகுப்பு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வகுப்பை இரண்டு போனில் படம் பிடிப்போம் என்றார். ஒன்று டீச்சரைப் பார்க்கும், மற்றது பிள்ளைகளைப் பார்க்கும். படம் முதலில் டீச்சர் கைக்குத்தான் வரும், அவர்கள் சரி சொன்னால்தான் வேறு யாரும் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். அது அன்னாளுக்குப் பிடித்தது.

அன்றைய பாடம் அமர்க்களமாக நடந்தது. முக்கால் மூணு தடவை கூரைக்குப் போய் வந்தது. பாடம் முடிந்ததும் மோகனசுந்தரம் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் மத்தியானக் கஞ்சி காய்ச்சுகிற கஞ்சிப்புரைத் திண்டில் உட்கார வைத்து, காகிதத்தை ரொட்டி மாதிரி வெட்டிக் கொடுத்து ஏதேதோ கேட்டார். என்ன சொன்னார்கள் என்று அன்னாள் கேட்டபோது மழுப்பினார். "நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க டீச்சர். அந்த ரெண்டாவது வீடியோவ மட்டும் சத்தத்த நிறுத்திப்போட்டு ஒருக்கா பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, ஜோமோன் சவாரிக்குப் போயிருந்த நேரத்தில், அவள் அதைப் பார்த்தாள். சத்தத்தை நிறுத்தினதும் வகுப்பு வேறு வகுப்பாகிவிட்டது. பிள்ளைகள் யாரும் போர்டைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது. எங்கே பார்க்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பெஞ்சில் இரண்டு மூன்று பேர் முதலில் வாயைத் திறந்தார்கள். மற்றவர்கள் அவர்களைத் தொட்டுக்கொண்டு திறந்தார்கள். ஓரத்தில் பின்சி. எல்லாரும் திறந்தபிறகு ஒரு நொடி பிந்தித் திறக்கிற வாய் அவளுடையது. ஒரு இடத்தில் அவள் தவறான நேரத்தில் திறந்து, சட்டென்று மூடி, பக்கத்தில் யாராவது பார்த்தார்களா என்று கண்ணைச் சுழற்றி, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மெல்லச் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அன்னாள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தப்பித்துக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு அது. எட்டு வயசுப் பிள்ளை, தன் தாயிடமிருந்து தப்பித்துக்கொண்டிருக்கிறது.

முற்றத்தில் கோழியை விரட்டிக்கொண்டிருந்த பின்சியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்தாள். இழுக்காமல், நிறுத்தாமல், சாதாரணமாகக் கேட்டாள். "அரையும் காலும் சேர்ந்தா எம்புட்டும்மா?"

பின்சி அவள் வாயையே பார்த்தாள். காத்திருந்தாள். வாய் அசையவில்லை என்றதும் குழைந்துகொண்டு சொன்னாள். "நீ மொதப் பாதியச் சொல்லும்மா. நான் மீதியச் சொல்லுதேன்."

அன்னாள் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வேறு என்ன செய்ய முடியும்? இத்தனை வருசம் கூரையைத் தொட்டு வந்த பதிலெல்லாம் தன் குரலின் வால்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறைக்கலாம் என்றும் தோன்றத்தான் செய்தது. படம் அவள் கையில்தானே இருக்கிறது? ஆனால் ஜோமோன் சாயங்காலம் வந்து முகம் கழுவுகிறபோதே சொல்லிவிட்டாள். அவன் கோபப்படவில்லை. துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு, அப்படியானால் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றான், ஏதோ முடிந்த காரியம் போல. அன்னாள் குறுக்கே வந்து நின்றாள்.

"கெடுத்தது நானு. நானே சரி பண்ணிக் குடுக்கேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்க" என்றாள்.

"பொறுக்கேன். ஆனா நீ சொல்லி நான் கேக்க மாட்டேன் புள்ள. நானே வந்து கண்ணால பாப்பேன்" என்றான் ஜோமோன்.

அடுத்த கிளஸ்டர் கூட்டத்தில் அவள் தானாகவே அந்தப் படத்தைப் போடச் சொன்னாள். மலையிலுள்ள தமிழ் டீச்சர்மார் எல்லாரும் உட்கார்ந்து சத்தமில்லாமல் பார்த்தார்கள். முதலில் சூசையப்பன் சார், இதில் என்ன கேடு, பிள்ளைகள் எல்லாம் பதில் சொல்கிறார்களே என்றார். பிறகு அவரும் நாற்காலியைப் படத்துக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கே இருந்த யாருக்கும் அது அன்னாளின் வகுப்பாகத் தெரியவில்லை, அவரவர் வகுப்பாகத் தெரிந்தது. படம் முடிந்ததும் மோகனசுந்தரம் எழுந்தார். காரணம் சொன்னார், இனி என்ன செய்யலாம் என்றார், பேச்சு வேகத்தில் உற்சாகமாகி, "ஆகவே, இனிமே நாம பாதி வார்த்தை குடுக்கவே கூடா..." என்று இழுத்து நிறுத்தினார்.

"து!" என்றார்கள் டீச்சர்மார் அத்தனை பேரும்.

மோகனசுந்தரம் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. சூசையப்பன் சாருக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்குத்தான் அந்த மனுசர் அவர்களில் ஒருவரானார் என்று அன்னாள் பிற்பாடு சொல்வாள். யூனிவர்சிட்டியும் பள்ளிக்கூடமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது ஜூனில், கைகோத்தது இந்தச் சிரிப்பில். எல்லாரும் சேர்ந்து ஒரு பாடத்தைக் கட்டினார்கள். மூன்று பன், நாலு பிள்ளைகள், சமமாகப் பங்கு வைக்க வேண்டும். பாதி வார்த்தை கிடையாது. டிசம்பரில் அன்னாள் நடத்துவாள், மற்றவர்கள் சுவரோரம் நின்று ஆளுக்கொரு பிள்ளையை மட்டும் கவனிப்பார்கள்.

பேச்சு எளிது, நாக்கை அடக்குவதுதான் பாடாக இருந்தது. அன்னாளுக்கு அந்த இழுப்பு ரத்தத்தில் ஊறியது. ஞாயிறு பிரசங்கத்தில் பாஸ்டர் "கர்த்தர் நல்ல..." என்று நிறுத்தி, சபை "வர்!" என்றபோது, இவரும் நம்ம ஆள்தானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்வி கேட்டதும் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்வாள். ஏலக்காய் இருக்கிறவரை பேசக்கூடாது. மூணாம் வகுப்பு மயான அமைதியாகிவிட்டது. டீச்சர் லீவா என்று கொழுந்துக்காரப் பெண்கள் கேட்டனுப்பினார்கள். பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துப் பார்த்துப் பயந்தார்கள், ஒருத்தி அழவே செய்தாள். சில நாள் அன்னாளே ஏலக்காயைக் கடித்துத் துப்பிவிட்டுப் பழைய பாட்டைப் பாடினாள். பாடி முடித்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. அப்படியே கார்த்திகையும் போனது.

டிசம்பரில், பாடம் நடத்துவதாகக் குறித்திருந்த சனிக்கிழமை வந்தது. பன் உண்டு என்றதும் லீவு நாளென்றும் பாராமல் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். சுவரோரம் டீச்சர்மார். சன்னலுக்கு வெளியே, மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஜோமோன். அவனைப் பார்த்ததும் அன்னாள் முந்தானையில் முடிந்திருந்த ஏலக்காயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்கார வைத்து, மூன்று மூன்று பன் கொடுத்தாள். சண்டை வந்தது, பன் பிய்ந்தது. பின்சியின் கூட்டத்தில் இரண்டு பன்னைப் பாதி பாதியாக வெட்டி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது பன்னை என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார்கள். பின்சி ஸ்கேலை எடுத்து அதைக் குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு வெட்டினாள். அன்னாள் அவளை எழுப்பி, ஆளுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டாள்.

பின்சி அவள் வாயைப் பார்த்தாள். வகுப்பே பார்த்தது. அந்த வார்த்தை அன்னாளின் தொண்டை வரை வந்து நின்றது. ஒரு பாதி போதும், ஒரே ஒரு "முக்". கூரை அதிரும். ஜோமோன் கேட்பான். பிள்ளை தன்னோடு இருப்பாள். சுவரோரம் சூசையப்பன் சாரின் உதடு அதற்குள் குவிந்தேவிட்டது. அன்னாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவள் விறுவிறுவென்று நடந்துபோய்க் கடைசிப் பெஞ்சில், பின்சிக்கு முதுகுப் பக்கமாக, உட்கார்ந்துவிட்டாள். இனி பார்க்க வாயே இல்லை.

பின்சி தனியாக நின்றாள். கழுத்து சிவந்தது. பன்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அம்மா, எனக்குத் தெரியல."

பள்ளிக்குள் அவள் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த வகுப்பில் ஒரு பிள்ளை தெரியவில்லை என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை. அப்படியும் சொல்லலாமா என்று மற்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னாளின் பல்லிடுக்கில் ஏலக்காய் உடைந்து காரம் கண்ணுக்கு ஏறியது. சன்னல் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"தெரியலன்னா போகட்டும்மா. தெரிஞ்ச மட்டும் சொல்லு" என்றாள்.

பின்சி தன் இரண்டு துண்டையும் தட்டில் வைத்தாள். பாதியை ஒரு பக்கம் வைத்து, கால் துண்டை அதோடு ஒட்டி நகர்த்தி வைத்தாள். வட்டம் வந்தது, ஒரு மூலை மட்டும் திறந்து கிடந்தது. அந்தத் திறந்த இடத்தில் விரலை வைத்து வெகு நேரம் பார்த்தாள். "முழுப் பன்னு ஆகல. இந்தா, இதப் போல இன்னொண்ணு இருந்தா ஆயிரும்" என்று கால் துண்டைத் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான் சொன்னாள். மணி அடித்துவிட்டது.

பிறகு நடந்த பேச்சில் சூசையப்பன் சார் மனத்தாங்கலோடு கேட்டார், பதில் கடைசி வரை வரவே இல்லையே, இது என்ன பாடம் என்று. மோகனசுந்தரம் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் சொல்லத் தெரியலீங்க சார். ஆனா அந்தப் புள்ள பன்னப் பாத்துச்சுங்க, டீச்சரப் பாக்கல" என்றார். தை மாதம் திரும்ப வருவோம், அப்போது சூசையப்பன் சாரின் வகுப்பு என்றும் சொன்னார். சார் முகம் போன போக்கைப் பார்த்து மறுபடி சிரிப்பு எழுந்தது. அன்னாளால் சிரிக்க முடியவில்லை.

டீச்சர்மாரை மூணாறுக்குக் கொண்டுவிட ஜோமோன் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டிருந்தான். அவள் போய்க் கதவோரம் நின்றாள்.

அவன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "என்கிட்ட ஒருநாளும் தெரியலன்னு சொன்னதில்ல புள்ள அவ. எதக் கேட்டாலும் மண்டைய மண்டைய ஆட்டுவா. இன்னைக்கு இத்தன பேருக்கு முன்னால உன்னக் கூப்பிட்டுச் சொல்லுதா." கொஞ்சம் நிறுத்தி, "அக்காட்ட இப்ப வேண்டாம்னு சொல்லிருதேன். உங்கிட்டயே இருக்கட்டும்" என்றான். ஜீப் கிளம்பிப் போனது. அன்னாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைத் தேடிப் போனாள்.

வீட்டுக்கு இருவரும் நடந்தார்கள். தேயிலைக்கு மேல் பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. பின்சி தன் பங்கைத் தின்னாமல் டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். பாலம் வந்தது, தாண்டினார்கள். வழக்கமாக நீளுகிற கை நீளவில்லை. இரண்டு கையாலும் டப்பாவைத் திறந்து பிடித்து, உள்ளே பார்த்தபடியே நடந்து வந்தாள்.

"டீச்சர்" என்றாள்.

அன்னாள் நின்றாள். "பாலம் தாண்டியாச்சுட்டி."

"தெரியும். டீச்சர், இதுக்குப் பேருதானா முக்கால்?"

அன்னாளின் உதடு பிரிந்தது. இந்தத் தடவை வாயில் ஏலக்காய் இல்லை. அவளாகவே மூடிக்கொண்டாள். நீ என்ன நினைக்கிறாய் என்று கண்ணால் மட்டும் கேட்டாள். பின்சி அந்தக் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. "இதுதான்" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். நாலடி போனதும் பசி பொறுக்காமல் கால் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே டப்பாவுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"இப்ப அரை" என்றாள், யாரும் கேட்காமலே.